கையெழுத்துக்குக் காத்திருக்கும் வாரங்கள்

(துபாயின் ஜெபல் அலியில் தமிழர் கூடிய அவையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் சங்க இலக்கியத்தையோ கல்வெட்டையோ எதிர்பார்த்து வருவது நம் வழக்கம். என்னை அழைத்தவர்கள், பெண்களின் உடல்நலம் பற்றி எதை வேண்டுமானாலும் பேசுங்கள் என்றார்கள். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் மகப்பேறு மருத்துவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பேசுவதற்கு நூறு பொருள் உண்டு. அவற்றில் மேடையில் யாரும் தொடாத ஒன்றை எடுத்துக்கொண்டேன்: கருக்கலைப்புச் சிகிச்சைக்கு வரும் தடைகளும் தாமதங்களும்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். கருக்கலைப்பு சரியா தவறா என்ற வழக்கை இங்கே நடத்தப்போவதில்லை. இந்த நாட்டின் சட்டத்தை மீறும்படி யாரையும் தூண்டவும் வரவில்லை. சட்டம் ‘செய்யலாம்’ என்று சொன்ன இடத்திலும் ஒரு பெண்ணுக்குச் சிகிச்சை ஏன் உரிய நாளில் கிடைப்பதில்லை? இந்தக் கேள்வி மட்டுமே என் பொருள்.

நாள் தவறுவதன் விலை ஜெபல் அலிக்காரர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 1979இல் இந்தத் துறைமுகம் திறந்தது, 1985இல் தடையற்ற வணிக மண்டலம் வந்தது. அன்று முதல் இங்கே எல்லாமே நாள் கணக்குத்தான். சரக்குப் பெட்டி யார்டில் கிடந்தால் டெமரேஜ் என்னும் தாமதக் கட்டணம் ஏறும். தாமதம் யாரால் வந்தது என்று பார்த்து அந்தப் பணத்தை வசூலிப்பதில்லை. பெட்டி யாருடையதோ அவர்தான் கட்டவேண்டும். கருக்கலைப்பிலும் நடப்பது அதுவே. நாளைச் செலவழிப்பவர் ஒருவர், அதற்கு விலை கொடுப்பவள் இன்னொருத்தி. இன்று நான் சொல்ல வந்ததெல்லாம் இந்த ஒன்றுதான்.

வாரக் கணக்கு

கர்ப்பத்தின் வயதைக் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுவது மருத்துவ வழக்கம். ‘நாள் தள்ளிப்போயிருக்கிறது’ என்று ஒரு பெண் கவனிக்கும் அன்றே கணக்கில் நான்கு வாரம் ஓடிவிட்டிருக்கும். மாதவிலக்கு ஒழுங்கில்லாதவளுக்கும், கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருப்பவளுக்கும் எட்டு வாரம், பத்து வாரம் தெரியாமலே கழிந்துவிடும்.

இந்தியச் சட்டத்தில் 9 வாரம் வரை மாத்திரையால் முடித்துக்கொள்ளலாம். 12 வாரம் வரை உறிஞ்சி எடுக்கும் எளிய முறை போதும். 12 தாண்டிவிட்டால் அதற்கென்று அங்கீகாரம் பெற்ற, அறுவை அரங்கம் உள்ள இடம் வேண்டும். 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20க்கும் 24க்கும் இடையில் இரண்டு மருத்துவர் வேண்டும். அதுவும் பாலியல் வன்முறைக்கு ஆளானவர், சிறுமி, கர்ப்ப காலத்தில் கணவனை இழந்தவர், மாற்றுத்திறனாளி என்று விதி குறிப்பிடும் பிரிவினருக்கு மட்டும். 24க்கு மேல், தாயின் உயிரைக் காக்க உடனடியாகத் தேவைப்படும் நிலை தவிர, கருவுக்குப் பெருங்குறை இருப்பதாக மருத்துவ வாரியம் உறுதி செய்தால்தான் அனுமதி. ஒவ்வொரு எல்லையைத் தாண்டும்போதும் சிகிச்சை கிடைக்கும் இடம் குறைகிறது, செலவு ஏறுகிறது, உடலுக்கு ஆபத்து கூடுகிறது, கேள்வி கேட்பவர்களும் கூடுகிறார்கள்.

இந்தச் சட்டம் எப்படி வந்தது என்பதையும் சொல்லவேண்டும். பிள்ளைப்பேற்றை அடக்கி ஆளும் உரிமை பெண்ணுக்கு வேண்டும் என்று பெரியார் ‘கர்ப்ப ஆட்சி’ என்ற நூலில் வாதிட்டது 1930களில். அப்போது நடப்பில் இருந்தது 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம். தாயின் உயிரைக் காக்க அன்றி வேறெதற்குக் கருவைக் கலைத்தாலும் குற்றம். கலைத்தவருக்கும் தண்டனை, கலைத்துக்கொண்டவளுக்கும் தண்டனை. எருக்கங்குச்சியாலும் நாட்டு மருந்தாலும் பெண்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். 1964இல் சாந்திலால் ஷா தலைமையில் அரசு ஒரு குழு அமைத்தது. 1966இல் அறிக்கை வந்தது, 1971இல் மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டம் நிறைவேறியது, 1972 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

அந்தச் சட்டத்தின் அமைப்பைக் கூர்ந்து பார்த்தால் தாமதத்தின் வேர் தெரியும். கருக்கலைப்பு பெண்ணின் உரிமை என்று அது எங்கும் சொல்லவில்லை. இன்னின்ன நிபந்தனைக்குள் நல்லெண்ணத்தோடு செய்த மருத்துவர் குற்றவாளி ஆகமாட்டார் என்றே சொல்கிறது. மூலக் குற்றம் அப்படியே நிற்கிறது. 2024 ஜூலையில் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா வந்த பிறகும் நிற்கிறது. ஆக, சட்டம் முதலில் காப்பது மருத்துவரை. எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்ணைவிடத் தன் மீது வரக்கூடிய வழக்கே மருத்துவரின் நினைவுக்கு முதலில் வருகிறது. சட்டம் கேட்ட தாளோடு கேட்காத தாளையும் சேர்த்து வாங்கி வைத்துக்கொள்கிறார். அவர் வாங்கும் ஒவ்வொரு தாளுக்கும் அவளுக்குச் சில நாட்கள் போகின்றன.

இதன் விளைவு எண்ணில் தெரிகிறது. 2015இல் இந்தியாவில் நடந்த கருக்கலைப்புகள் ஏறத்தாழ 1 கோடியே 56 லட்சம் என்று 2018இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது. அதில் 73 சதவீதம் மருத்துவமனைக்கு வெளியே, மாத்திரை வாங்கிச் செய்தது. சட்டம் வந்து நாற்பத்து நான்கு ஆண்டு ஆன பிறகும் நாலில் மூன்று பெண் சட்டம் காட்டிய வாசல் வழியே வரவில்லை.

கணவர் இங்கே, கையெழுத்து அங்கே

இந்த அவையில் ஆண்களே மிகுதி. இராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டை, கள்ளக்குறிச்சி என்று ஊர் ஊராக வந்தவர்கள். உங்களில் பெரும்பாலோர் மனைவியை ஊரில் விட்டு வந்திருக்கிறீர்கள். குடும்ப விசாவுக்கு மாதம் 4,000 திர்ஹாம் சம்பளம் வேண்டும், அல்லது தங்குமிடத்தோடு 3,000 வேண்டும். தொழிலாளர் கேம்ப்பில் தங்கி வேலை செய்பவருக்கு அது எட்டாது. ஆண்டுக்கொரு முறையோ இரண்டாண்டுக்கு ஒரு முறையோ லீவு கிடைக்கும், ஒன்றரை மாதம் வீட்டில் இருந்துவிட்டுத் திருச்சியில் விமானம் ஏறுவீர்கள்.

நீங்கள் கிளம்பிய மூன்றாம் வாரம் அவளுக்கு நாள் தள்ளிப்போகிறது. இரண்டு பிள்ளைகள் ஏற்கெனவே இருக்கின்றன, அல்லது கடைசிக் குழந்தைக்கு இன்னும் ஒரு வயது முடியவில்லை. போனில் பேசி இருவரும் முடிவெடுக்கிறீர்கள். அவள் மருத்துவமனைக்குப் போகிறாள். அங்கே முதல் கேள்வி: ‘உன் வீட்டுக்காரர் எங்கே?’

துபாயில் என்கிறாள். ‘அவர் கையெழுத்து இல்லாமல் முடியாது’ என்கிறார்கள்.

சட்டம் அந்தக் கையெழுத்தைக் கேட்கவில்லை. பதினெட்டு வயது நிறைந்த, மனநலம் சரியாக உள்ள பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் மட்டும் போதும். படிவத்தில் ஒரே ஒரு கையெழுத்துக்குத்தான் இடம் உண்டு. சிறுமிக்கும், தானே முடிவெடுக்க முடியாத மனநோயாளிக்கும் மட்டுமே காப்பாளர் கையெழுத்து. 1971 சட்டத்திலேயே இதுதான் நிலை. ஆனால் அரசு மருத்துவமனையிலிருந்து தனியார் நர்சிங் ஹோம் வரை கணவர் கையெழுத்தைக் கேட்பது வழக்கமாகிவிட்டது. பின்னாளில் கணவர் வந்து சண்டை போட்டால் என்ன செய்வது என்ற பயம் ஒருபுறம். மனைவியின் உடலுக்குக் கணவன்தான் பொறுப்பு என்ற பழைய எண்ணம் மறுபுறம்.

நீங்கள் கேட்காத ஓர் அதிகாரத்தை மருத்துவமனை உங்கள் கையில் திணிக்கிறது. அதை நிறைவேற்ற நீங்கள் பக்கத்திலும் இல்லை. வாட்ஸ்அப்பில் கடிதம் அனுப்புகிறீர்கள். ‘இதெல்லாம் செல்லாது, மாமனாரைக் கூட்டிக்கொண்டு வா’ என்கிறார்கள். மாமனாரிடம் சொன்னால் மாமியாருக்குத் தெரியும், அப்புறம் தெருவுக்கே தெரியும். கணவன் ஊரில் இல்லாதபோது கலைக்கப் போகிறாள் என்ற பேச்சு வேறு கிளம்பும். அவள் தயங்குகிறாள். எட்டு வாரத்தில் வந்தவள் பதின்மூன்றாவது வாரத்தில் திரும்ப வருகிறாள். மாத்திரையில் முடிந்திருக்க வேண்டியது இப்போது அறுவை அரங்குக்குப் போகிறது. அல்லது அவள் திரும்பி வருவதே இல்லை. யாரோ ஒருவர் அட்டையை உடைத்துக் கொடுத்த மாத்திரையை விழுங்கிவிட்டு, உதிரப்போக்கோடு நள்ளிரவில் ஆம்புலன்ஸில் வருகிறாள்.

கையெழுத்து ஒன்றோடு நிற்பதில்லை. ‘கு.க. ஆபரேஷன் செய்துகொள்கிறாயா? அப்படியானால் கலைக்கிறோம்’ என்ற பேரமும் நடக்கும். குடும்பக் கட்டுப்பாடு அவளாகக் கேட்டால் கொடுக்க வேண்டியது. அதைச் சிகிச்சைக்கு நிபந்தனையாக்கச் சட்டத்தில் இடமே இல்லை. இதே பேரத்தில் பல பெண்கள் இரண்டு வாரம் யோசித்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு காரணம் தமிழ்நாட்டுக்கே உரியது. உசிலம்பட்டிப் பெண்சிசுக் கொலை 1980களில் நாடெங்கும் பேசப்பட்டது. 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. 1994இல் கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. அவை தேவையான நடவடிக்கைகள், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சட்டத்தின் பேரில் நடக்கும் சோதனைகளுக்கு அஞ்சி, பன்னிரண்டு வாரத்துக்கு மேல் யார் வந்தாலும் ‘பெண் குழந்தை என்று தெரிந்துகொண்டு வந்திருப்பாளோ’ என்று ஐயப்படும் பழக்கம் மருத்துவமனைகளில் ஊறிவிட்டது. ஸ்கேன் சென்டரைத் தண்டிக்க வந்த சட்டத்தைக் காட்டி, ஸ்கேனே எடுக்காத பெண்ணைத் திருப்பி அனுப்புகிறார்கள். மருந்துக் கடைகளும் சோதனைக்கும் பதிவேட்டுக்கும் அஞ்சி அந்த மாத்திரையை வாங்கி வைப்பதையே நிறுத்திக்கொண்டன. மருத்துவர் சீட்டு எழுதிக் கொடுத்தாலும் கடை கடையாக அலையவேண்டியிருக்கிறது.

120 நாளும் ஒரு ஸ்கேனும்

அடுத்தது இந்த ஊரில் கணவரோடு வசிக்கும் பெண். டிஸ்கவரி கார்டன்ஸ் குடியிருப்பில் ஒரு ஃபிளாட், குடும்ப விசா, இன்சூரன்ஸ் எல்லாம் உண்டு. விரும்பி உண்டான கர்ப்பம். கருவுக்குப் பெருங்குறை என்று தெரிந்தால் அவள் நிலை என்ன?

அமீரகத்தில் 2016இன் மருத்துவப் பொறுப்புச் சட்டம் இரண்டு நிலைகளில் கருக்கலைப்பை அனுமதித்தது: தாயின் உயிருக்கு ஆபத்து, அல்லது கருவில் கடுமையான குறை. இரண்டாவதற்குத் தம்பதியர் இருவரும் எழுத்தில் கேட்கவேண்டும், மருத்துவக் குழு ஒப்பவேண்டும், கர்ப்பம் 120 நாளைத் தாண்டியிருக்கக் கூடாது. கருவுக்கு உயிர் ஊதப்படுவது 120ஆம் நாளில் என்ற இஸ்லாமியச் சட்ட மரபிலிருந்து வந்த எல்லை அது. இஸ்லாமிய நாடுகள் எல்லாவற்றுக்கும் ஒரே சட்டம் என்று எண்ணவேண்டாம். துனீசியா 1973இலேயே முதல் மூன்று மாதம் வரை பெண்ணின் விருப்பத்தின் பேரில் அனுமதித்தது. துருக்கி 1983இல் பத்து வாரம் வரை அனுமதித்தது. குவைத்தின் 1981 சட்டம் நான்கு மாத எல்லையோடு சில மருத்துவக் காரணங்களை மட்டும் ஏற்றது.

இப்போது கணக்கைப் பாருங்கள். கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணினால் 120 நாள் என்பது 17 வாரமும் ஒரு நாளும். கரு உண்டான நாளிலிருந்து எண்ணினால் இன்னும் இரண்டு வாரம் சேர்த்துக்கொள்ளலாம், 19 வாரம் ஆகும். கருவின் இதயம், முதுகெலும்பு, சிறுநீரகம் ஆகியவற்றை விரிவாகப் பார்க்கும் அனாமலி ஸ்கேனை மருத்துவர்கள் எடுப்பது 18 முதல் 20 வாரத்துக்குள். அதற்கு முன் அந்த உறுப்புகள் தெளிவாகத் தெரியாது. குறை கண்ணில் படும் நாளும் காலக்கெடு முடியும் நாளும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடுகின்றன. முதல் ஸ்கேனில் ஐயம் வந்து, இன்னொரு மருத்துவரிடம் அனுப்பி, அதற்கு இன்சூரன்ஸ் அப்ரூவல் வாங்கி, குழு கூடும்வரை காத்திருந்தால் அனுமதி இருந்தும் அதைப் பயன்படுத்த நாள் இருக்காது.

இதே இக்கட்டு இந்தியாவிலும் இருந்தது. பழைய எல்லை 20 வாரம். 2008இல் மும்பையின் நிகேதா மேத்தா தம் கருவுக்கு இதயக் குறை இருப்பது எல்லை தாண்டிய பிறகு தெரிய வந்து, உயர் நீதிமன்றம் போனார். மனு தள்ளுபடி ஆனது. பின்னர் கரு தானாகவே கலைந்தது. அந்த வழக்கு கிளப்பிய விவாதத்துக்குப் பதில் 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் வந்தது. பதின்மூன்று ஆண்டு. இடைப்பட்ட காலத்தில் எத்தனையோ தாய்மார் ஸ்கேன் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நீதிமன்றப் படி ஏறினார்கள்.

ஆகவே இங்குள்ள தம்பதியருக்கு நடைமுறையில் மிஞ்சுவது சென்னைக்கு ஒரு விமானச் சீட்டு. நான்கு மணி நேரப் பயணம். கையில் பணமும், லீவும், ஊரில் தெரிந்த மருத்துவரும் இருந்தால் ஒரு வாரத்தில் முடியும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் மூன்று வாரம் ஆகும். ஒரே குறை, ஒரே சட்டம். ஆனால் ஃபிளாட்டில் இருப்பவருக்குக் கிடைக்கும் நாட்கள் வேறு, பகிர்ந்துகொண்ட அறையில் திரைச்சீலை கட்டிக் குடித்தனம் நடத்துபவருக்குக் கிடைக்கும் நாட்கள் வேறு.

வந்து ஓராண்டு ஆகாதவள்

மூன்றாவது பெண்ணைப் பற்றிப் பேசும்போது அவையில் சங்கடம் வரும் என்று தெரியும். வீட்டு வேலைக்கு வந்தவள். தங்குவது வேலை செய்யும் வீட்டிலேயே. அங்கே அவளுக்குப் பாலியல் வன்முறை நேர்ந்து, கர்ப்பம் உண்டானால்?

இந்த நாட்டின் சட்டம் அண்மையில் மாறியிருக்கிறது, அதை நன்றியோடு குறிப்பிடவேண்டும். 2024 அமைச்சரவைத் தீர்மானம் பாலியல் வன்முறையாலும், திருமணம் விலக்கப்பட்ட நெருங்கிய உறவினராலும் உண்டான கர்ப்பத்தைக் கலைக்க அனுமதி தந்தது. வளைகுடாவில் இது சாதாரண மாற்றம் இல்லை. நிபந்தனைகள் உண்டு. நடந்ததை உடனே அதிகாரிகளிடம் தெரிவித்திருக்கவேண்டும். அரசு வழக்குத் துறையின் அறிக்கை அதை உறுதிப்படுத்தவேண்டும். 120 நாளுக்குள் முடியவேண்டும். அமீரகத்தில் குறைந்தது ஓராண்டு வசித்தவராக இருக்கவேண்டும்.

கடைசி நிபந்தனையைச் சிகிச்சைக்காகவே வெளிநாட்டார் வந்து குவிவதைத் தடுக்க வைத்திருக்கலாம். ஆனால் அது யாரை வெளியே நிறுத்துகிறது? வந்து சில மாதமே ஆனவளை. மொழி தெரியாத, தெருப் பெயர் தெரியாத, ஏஜெண்டுக்குக் கட்டிய கடன் இன்னும் அடையாத, ஆறு மாத சோதனைக் காலத்தில் இருக்கும் பெண்ணை. வன்முறை செய்பவன் தேர்ந்தெடுப்பதும் இப்படிப்பட்டவளைத்தான். பாதுகாப்பு மிகவும் தேவைப்படும் முதல் ஆண்டிலேயே அந்தப் பாதுகாப்பு அவளுக்கு இல்லாமல் போகிறது.

‘உடனே தெரிவி’ என்ற நிபந்தனையையும் அவள் நிலையில் நின்று பாருங்கள். போன் யார் கையில்? வெளியே போக யார் அனுமதி? பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைப்பது இந்த நாட்டில் சட்ட விரோதம். ஆனாலும் எத்தனை பேருடைய பாஸ்போர்ட் அவரவர் பையில் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். போலீசுக்குப் போனால் தன்மீதே வழக்கு வருமோ என்ற பயம் பெரிது. அந்தப் பயத்துக்குப் பழைய காரணம் உண்டு. திருமணத்துக்கு வெளியே உண்டான கர்ப்பத்துக்காக வேலைக்கு வந்த பெண்கள் சிறை சென்ற காலம் இருந்தது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் அத்தகைய உறவு மீதான வழக்குக்குக் கணவரோ மனைவியோ காப்பாளரோ புகார் கொடுத்தாக வேண்டும். சட்டம் தளர்ந்திருக்கிறது, ஆனால் அந்தச் செய்தி சமையலறை வரை வந்து சேரவில்லை. பயம் மட்டும் பழைய அளவிலேயே இருக்கிறது.

நம் பங்கையும் சொல்லவேண்டும். எமிக்ரேஷன் செக் தேவைப்படும் பாஸ்போர்ட் வைத்திருக்கும் பெண், முப்பது வயதுக்குள் வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்கு வர இந்திய அரசு அனுமதிப்பதில்லை. முப்பது தாண்டியவரும் அரசு நிறுவனங்கள் வழியாகவே வரவேண்டும்; தமிழ்நாட்டில் அது அயல்நாட்டு மனிதவள நிறுவனம். காப்பாற்ற வைத்த விதி. ஆனால் வறுமை விதிக்காகக் காத்திருக்காது. ஏஜெண்ட் விசிட் விசாவில் அனுப்பிவைக்கிறான். விசிட்டில் வந்தவள் எந்தப் பதிவேட்டிலும் வீட்டுப் பணியாளராக இல்லை. ‘ஓராண்டு வசித்தவர்’ என்ற கணக்கு அவளுக்குத் தொடங்குவதே இல்லை.

இலங்கையின் மலையகத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வரும் நம் சகோதரிகளின் நிலை இன்னும் கடுமை. இலங்கையில் இன்றும் நடப்பில் இருப்பது 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவை. தாயின் உயிரைக் காக்க மட்டுமே கருக்கலைப்பு. பாலியல் வன்முறையால் உண்டான கர்ப்பத்துக்கும் விலக்கு இல்லை. 1995இல் திருத்த முயன்றார்கள், 2017இல் அமைச்சரவை வரை போனது, மதத் தலைவர்களின் எதிர்ப்பால் நின்றது. ஓர் இந்தியத் தமிழ்ப் பெண் ஊர் திரும்பினால் சட்டம் சற்று அகலமாகிறது. இலங்கைத் தமிழ்ப் பெண் ஊர் திரும்பினால் அமீரகத்தைவிடக் குறுகிய சட்டத்துக்குள் போய் விழுகிறாள். துன்பம் ஒன்றுதான். எந்த விமானத்தில் ஏறுகிறாள் என்பதைப் பொறுத்து அவளுக்குக் கிடைக்கும் நாட்கள் மாறுகின்றன.

வாய்தாவும் வாரமும்

கடைசியில் நீதிமன்றம் காப்பாற்றும் என்று நம்புகிறோம். சில நேரம் காப்பாற்றியிருக்கிறது. 2022 செப்டம்பர் 29 அன்று இந்திய உச்ச நீதிமன்றம், மணமாகாத பெண்ணுக்கும் 24 வார எல்லை பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. கணவனின் வன்முறையால் உண்டான கர்ப்பத்தையும் இந்தச் சட்டத்தின் நோக்கத்துக்குப் பாலியல் வன்முறையாகவே கொள்ளவேண்டும் என்றும் சொன்னது. சட்டம் கேட்காத நிபந்தனைகளை மருத்துவர்கள் விதிப்பதையும் அந்தத் தீர்ப்பு கண்டித்தது.

ஆனால் நீதிமன்றத்தின் நாட்காட்டி வேறு, கர்ப்பத்தின் நாட்காட்டி வேறு. 2023 ஆகஸ்டில் குஜராத்தில் பாலியல் வன்முறைக்கு ஆளான ஒரு பெண் உயர் நீதிமன்றம் போனார். கலைக்கலாம் என்று மருத்துவ வாரியம் அறிக்கை கொடுத்துவிட்டது. வழக்கோ பன்னிரண்டு நாள் தள்ளி வைக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் ஒரு சனிக்கிழமை தனியாக அமர்ந்து, மதிப்பு மிக்க நாட்கள் வீணாயின என்று கண்டித்து, ஆகஸ்டு 21 அன்று அனுமதி கொடுத்தது. அப்போது 27 வாரம் தாண்டியிருந்தது.

அதே ஆண்டு அக்டோபரில் இன்னொரு வழக்கு. இரண்டு பிள்ளைகளின் தாய், பிரசவத்துக்குப் பிந்தைய மனநோயோடு போராடியவர், பால் கொடுத்துக்கொண்டிருந்ததால் கர்ப்பம் தெரியாமலே இருந்தவர். அக்டோபர் 9 அன்று உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. 11 அன்று நீதிபதிகள் இருவரும் மாறுபட்டார்கள். 16 அன்று மூவர் அமர்வு மறுத்தது. ஒரு வாரத்தில் அந்தப் பெண்ணுக்கு மூன்று வெவ்வேறு பதில். அவருக்காகவோ எதிராகவோ வாதிட நான் வரவில்லை. அந்த வாரத்தில் அவர் எப்படித் தூங்கியிருப்பார் என்று மட்டும் எண்ணிப் பாருங்கள்.

தாமதம் உயிரையே எடுக்கும் என்பதற்குச் சான்றாக நம் நாட்டுப் பெண் ஒருவரின் பெயரை உலகம் அறியும். கர்நாடகத்தின் பெல்காமைச் சேர்ந்த பல் மருத்துவர் சவிதா ஹாலப்பனவர் அயர்லாந்தின் கால்வே நகரில் வாழ்ந்தார். 2012 அக்டோபரில், 17 வாரக் கர்ப்பத்தில், கரு கலைவது உறுதி என்று தெரிந்துவிட்டது. கலைத்துவிடும்படி கேட்டார். கருவின் இதயம் துடிக்கும்வரை முடியாது என்றார்கள். காத்திருந்த நாட்களில் இரத்தத்தில் நச்சு ஏறி அக்டோபர் 28 அன்று இறந்தார். வயது 31. தாயின் உயிருக்கு ஆபத்தென்றால் கலைக்கலாம் என்பது அந்த நாட்டிலும் அன்று ஏற்கப்பட்டிருந்தது. ஆபத்து வந்துவிட்டதா என்று மருத்துவர்கள் பார்த்துக்கொண்டிருந்தபோதே ஆபத்து கைமீறிப் போனது. 2018 மே 25 அன்று அயர்லாந்து மக்கள் 66.4 சதவீத வாக்கோடு அரசியல் சட்டத் தடையை நீக்கினார்கள்.

செய்யக்கூடியவை

உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கட்டாயக் காத்திருப்பு வேண்டாம், மூன்றாம் ஆளின் அனுமதி வேண்டாம் என்று அரசுகளுக்குச் சொல்கிறது. அரசுகள் எப்போது கேட்குமோ தெரியாது. நாம் செய்யக்கூடியதை மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

ஆண்களுக்கு: அடுத்த லீவில் போகும்போது மனைவியிடம் சொல்லுங்கள், அவளுடைய கையெழுத்து மட்டும் போதும் என்று. மருத்துவமனை உங்களைக் கேட்டால், சட்டப்படி என் கையெழுத்து தேவையில்லை என்று போனிலேயே மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்த ஒரு போன் அவளுக்குப் பல நாட்களை மிச்சப்படுத்தும். கருத்தடையின் பொறுப்பையும் அவள் தலையிலேயே கட்டாதீர்கள். ஆணுக்கான கு.க. சிகிச்சை பெண்ணுடையதைவிட எளிது, சில நிமிட வேலை.

பெண்களுக்கு: நாள் தள்ளிப்போனால் அந்த வாரமே சோதித்துப் பாருங்கள். பாஸ்போர்ட்டும் எமிரேட்ஸ் ஐடியும் உங்கள் கையில் இருக்கட்டும். ஸ்கேன் தேதியை மருத்துவரிடம் கேட்டு முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். வன்முறை நேர்ந்தால் அன்றே சொல்லுங்கள். போலீசிடம் போக அஞ்சினால் துபாய் இந்தியத் துணைத் தூதரகத்தில் சொல்லுங்கள். நாள் கடக்கக் கடக்கச் சட்டம் தரும் உதவி சுருங்கும்.

தமிழ்ச் சங்கங்களுக்கு: பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் நடுவே ஆண்டுக்கு ஒரு நாள், தமிழ் தெரிந்த ஒரு மருத்துவரையும் ஒரு வழக்கறிஞரையும் உட்காரவைத்து வேலைக்கு வந்த பெண்களின் கேள்விக்குப் பதில் சொல்ல வையுங்கள். புதிதாக வந்தவளின் கையில் ஒரு தொலைபேசி எண்ணாவது கொடுங்கள்.

தமிழ்நாட்டு அரசுக்கு: புறப்படும் முன் கொடுக்கும் பயிற்சியில் 120 நாள் விதியையும் ஓராண்டு நிபந்தனையையும் தமிழில் அச்சிட்டுக் கொடுங்கள். ஒவ்வொரு அரசு மருத்துவமனையின் மகப்பேறுப் பிரிவிலும் ‘கணவர் கையெழுத்து தேவையில்லை’ என்று பெரிய எழுத்தில் பலகை வையுங்கள். கு.க.வை நிபந்தனையாக்கும் மருத்துவமனையிடம் விளக்கம் கேளுங்கள். இதற்குப் புதிய சட்டம் வேண்டாம், ஒரு சுற்றறிக்கை போதும்.

கருக்கலைப்பைப் பற்றி உங்களுக்கு என்ன கருத்து இருந்தாலும் இருக்கட்டும். சட்டம் ஒரு பெண்ணுக்குக் கொடுத்த நாளை அவளிடமிருந்து எடுத்துக்கொள்ளும் உரிமை மருத்துவருக்கும் இல்லை, முதலாளிக்கும் இல்லை, கணவருக்கும் இல்லை. கருத்து வேறுபாடு உள்ளவர்களும் இதிலாவது ஒன்றுபடவேண்டும் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.